‘நான் இந்த ஆட்டைக்கு வரலை’: ராமநாதபுரம் கரையோரத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, கரையோரத்தில் எந்த ஊரில் வீடு பிடித்தாலும் சில அழைப்புகள் சீக்கிரமே வாசலுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா சீட்டில் சேரச் சொல்வார். கூட வேலை பார்ப்பவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்பார். தெருவில் திருவிழா நன்கொடை நோட்டு வரும். ‘ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறோம், வாங்க சார்’ என்பார்கள். பெரும்பாலும் அன்பினால் வரும் அழைப்புகள்தாம். ஆனால் மாற்றலாகி வரும் ஆசிரியரும் செவிலியரும் வங்கி ஊழியரும் இவை எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் சம்பளம் போதாது. எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே வெட்டிவிட்டால் ஊர் ஒட்டாது.

இதற்கு நடுவே நிற்கத்தான் இந்தப் பக்கத்துப் பேச்சில் ஒரு வாசகம் இருக்கிறது: ‘நான் இந்த ஆட்டைக்கு வரலை.’ இதை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது, எங்கே சொல்லவே கூடாது, எங்கே வாயால் சொன்னால் போதாது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். வாசகம் சின்னது. சொல்லும் நேரம் தவறினால் நல்லெண்ணத்தோடு சொன்னதும் தப்பாகிவிடும். ஆகவே நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பொருள்

தென்மாவட்டப் பேச்சில் ஆட்டை என்றால் விளையாட்டு. கிளித்தட்டோ கபடியோ கோலியோ, அணி பிரிக்கும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கேட்பார்கள்: ‘ஆட்டைக்கு வர்றியா?’ வருகிறவன் கோட்டுக்குள் நிற்பான். வராதவன் ‘நான் வரலை’ என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். அவனை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த ஆட்டைக்கு அவனையும் கூப்பிடுவார்கள். ஆனால் அணி பிரித்து ஆட்டம் சூடுபிடித்த பிறகு, தோற்கப்போகிற நேரத்தில் ஒருவன் ‘நான் வரலை’ என்று விலகினால் அதற்கு வேறு பெயர்: அழுகுணி ஆட்டம். அவனை அடுத்த முறை சேர்க்கத் தயங்குவார்கள்.

பெரியவர்கள் இந்த வாசகத்தைச் சீட்டுக்கும் பங்குத் தொழிலுக்கும் கட்சி வேலைக்கும் எடுத்துக்கொண்டபோது இந்த விதிகளும் சேர்ந்தே வந்தன. நான் கலந்துகொள்ளவில்லை, நீங்கள் நடத்துங்கள், நமக்குள் மனத்தாங்கல் இல்லை, அடுத்ததுக்குக் கூப்பிட்டால் யோசிப்பேன். இத்தனையையும் அந்த மூன்று நான்கு சொல் சுமக்கிறது, தொடங்குவதற்கு முன்னால் சொன்னால் மட்டும்.

வாசகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை உண்டு. ‘இந்த’ என்பதை விட்டுவிடாதீர்கள். ‘ஆட்டைக்கு வரலை’ என்று மொட்டையாகச் சொன்னால் எதற்குமே வராத ஆள் என்று ஆகிவிடும். ‘இந்த’ சேர்த்தால் மறுப்பு அந்த ஒரு காரியத்தோடு நின்றுகொள்கிறது. ‘நான்’ என்பதை ‘நாங்க’ என்று மாற்றவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து நீங்கள் பேசினால் அது விலகல் இல்லை, ஆட்டையைக் கலைப்பது. கலைத்தவர் என்ற பெயர் வந்தால் போவதற்கு வருடங்கள் ஆகும்.

‘வரலை’ என்பதும் ‘வரமாட்டேன்’ என்பதும் ஒன்றல்ல. ‘வரலை’யில் ஒரு நிலைமையைத் தெரிவிக்கும் சாந்தம் இருக்கிறது. ‘வரமாட்டேன்’ என்றால் வீம்பு, ‘நீ யார் கூப்பிட’ என்கிற தொனி. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிறவர்கள் ‘மாட்டேன்ங்க’ என்று ‘ங்க’ சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் காதுக்கு ‘மாட்டேன்’தான் முதலில் விழும்.

வேறு சில பேச்சுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. ‘எனக்குத் தோதுப்படாது’ என்பது காரணத்தை விரிக்காமலே காரணம் சொல்லும் வாசகம். மேலே கேட்பது மரியாதையில்லை என்று கேட்பவருக்கே தெரியும். ‘நான் ஒதுங்கிக்கிறேன்’ என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியேறும்போது சொல்வது. சேராத காரியத்தில் அதைச் சொன்னால் என்னமோ சண்டை நடந்திருக்கிறது என்று ஊர் விசாரிக்கும். ‘ஆளை விடுங்க’ சலிப்பில் சொல்வது, புதியவர் வாயில் வரக் கூடாது. நழுவிட்டான், கழண்டுக்கிட்டான், ஜகா வாங்கிட்டான் என்பவை சொல்லாமல் விலகியவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவது. ‘ஆட்டையைப் போடுறது’ என்றால் அடுத்தவர் பொருளைச் சுருட்டுவது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சொல்லும் முறை

கேட்பவர் பேச்சை முடிக்கும்வரை முழுதாகக் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை மாதம், எப்போது ஆரம்பம் என்ற மூன்றையும் விசாரியுங்கள். விசாரித்தால் சேர வேண்டும் என்றில்லை. விசாரிக்காமல் மறுத்தால்தான் மதிக்கவில்லை என்று படும். மூன்றாவது கேள்வி உங்களுக்காக: எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.

முடிவு தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள். வீட்டில் கலந்து பேச வேண்டுமென்றால், ‘நாளைக்குச் சாயங்காலம் சொல்லிர்றேன்க்கா’ என்று நேரம் குறித்து, அந்த நேரத்தில் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பிள்ளையை அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். நேரில் கூப்பிட்டவருக்கு நேரில்தான் பதில்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். மறுப்பதற்குக் கூச்சப்பட்டு ‘பாப்போம்’, ‘சொல்றேன்’, ‘செய்யலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். நகரத்தில் அது நாகரிகமான மறுப்பாகச் செல்லுபடியாகும். இங்கே ‘செய்யலாம்’ என்றால் முக்கால் சம்மதம். பெயர் நோட்டில் ஏறிவிடும், உங்களையும் சேர்த்துத்தான் ஆள் கணக்குப் போடுவார்கள். அப்புறம் நீங்கள் மறுக்கும்போது, உங்கள் கணக்குக்கு அது முதல் மறுப்பு, அவர்கள் கணக்குக்கு வாக்குத் தவறியது.

முறைப் பெயரை முதலில் வையுங்கள்: அக்கா, அண்ணே, தம்பி, தங்கச்சி. கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் அழைப்பார்கள். அவர்களே அப்படி அறிமுகமானால் நீங்களும் அழைக்கலாம். மாமா, மச்சான், மாப்ள, மதினி என்பவை வேறு. மதம் சாதி தாண்டி மாமன் மச்சான் முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வது இந்த மாவட்டத்தின் அழகான பழக்கம். ஆனாலும் அவர்கள் முதலில் உங்களை அந்த முறை சொல்லிக் கூப்பிடட்டும். அதற்கு முன்னால் நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு வாசகம். பிறகு ஒரே ஒரு காரணம், அல்லது ‘தோதுப்படாது’. கடைசியாக அவர்கள் காரியத்துக்கு ஒரு நல்ல வார்த்தை. சேர்த்துப் பார்த்தால் இப்படி வரும்:

‘சீட்டு ஒண்ணு ஆரம்பிக்கிறோம் தங்கச்சி. உங்க பேரையும் போட்டுக்கிறேன்.’

‘போட வேணாம்க்கா, நான் இந்த ஆட்டைக்கு வரலை. இந்த வருசம் தோதுப்படாது. நீங்க நல்லபடியா ஆரம்பிங்க.’

‘முழுச் சீட்டு முடியாட்டி பாதிச் சீட்டு போடுங்களேன்.’

‘பாதியும் வேணாம்க்கா. வந்தா முழுசா வருவேன், இப்ப வரலை.’

மறுபடியும் வற்புறுத்தினால் அதே வாசகத்தையே திரும்பச் சொல்லுங்கள். புதுக் காரணம் தேடாதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு தீர்வு இருக்கும். கையில் பணமில்லை என்றால் ‘முதல் மாசம் நான் கட்டுறேன், அப்பறம் குடுங்க’ என்பார். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் வீட்டுக்காரரிடமே போய்க் கேட்பார். பொய்க் காரணம் இன்னும் மோசம். சின்ன ஊரில் இரண்டாவது நாளே வெளிப்பட்டுவிடும்.

சொல்லி முடித்ததும் எழுந்து ஓட வேண்டாம். டீ கொடுத்தால் குடியுங்கள், வேறு பேச்சுப் பேசுங்கள். காரியத்தைத்தான் மறுத்தோம், ஆளை இல்லை என்பது அந்தக் கால் மணி நேரத்தில்தான் புரியவரும்.

வயதில் பெரியவர்களிடம் ‘ஆட்டை’ என்ற சொல்லையே தவிருங்கள். அவர்கள் பொறுப்போடு எடுத்து நடத்தும் காரியத்தை விளையாட்டு என்று சொன்னது போலாகும். ‘எனக்கு இது தோதுப்படாதுங்கய்யா, மன்னிச்சுக்கங்க’ என்பது போதும். மேலதிகாரியிடமும் அப்படியே. இந்த வாசகம் சம வயதினரிடமும் நெருங்கிப் பழகியவர்களிடமும்தான் பொருந்தும்.

இன்னொன்று. சின்னப் பிள்ளையை அழவிடாமல் பேருக்குச் சேர்த்துக்கொள்வதை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பார்கள். நடக்க முடியாதவரைக் குறிக்கும் சொல் அதில் இருப்பதால் யாரையும் அப்படி அழைக்க வேண்டாம். ஆனால் அந்த நிலை பெரியவர்களுக்கும் வருகிறது. ‘சும்மா பேரு மட்டும் இருக்கட்டும் சார், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்’ என்று கமிட்டியிலும் குழுவிலும் பெயர் போட்டுக்கொள்வார்கள். பெயர் இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கும். வரவில்லை என்றால் பெயரும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

சொல்லக் கூடாத இடங்கள்

கேத வீடு. இறப்புக்குப் போக முடியவில்லை என்றால் அறிவிக்க வேண்டியதே இல்லை. கருமாதிக்கு முன்னால் ஒருநாள் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வாருங்கள். அதற்குப் போய் ‘வரலை’ என்ற பேச்சே கிடையாது.

கோயில் தலைக்கட்டு வரி. ஊர்க்காரர்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு; வரி கட்டுவது அந்த ஊர்க்காரர் என்பதற்கே அடையாளம். வாடகைக்கு இருப்பவர் தலைக்கட்டில் வரமாட்டார். ஆகவே உங்களிடம் கேட்பது வரி அல்ல, நன்கொடை. முடிந்ததைக் கொடுக்கலாம். தேவாலயத் திருவிழாவுக்கும் சந்தனக்கூட்டுக்கும் அப்படித்தான். கொடுக்க மனமில்லையென்றாலும் நோட்டை எடுத்து வந்தவரிடம் ‘இந்தத் தடவை முடியலைண்ணே’ என்று மட்டும் சொல்லுங்கள். சாமி காரியத்தை ஆட்டை என்று சொல்வது மனதைப் புண்படுத்தும். உள்ளூர் நண்பர் வரி கொடுக்க யோசிக்கும்போது நீங்கள் அவருக்கு இந்த வாசகத்தைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். அவர் விலகினால் ஊர் அவரை ஒதுக்கி வைக்கும் பிரச்சினையாக அது வளரலாம். ஒதுங்குவது நம் விருப்பம். ஒதுக்குவதை மற்றவர்கள் செய்கிறார்கள், அதன் வலி வேறு.

உங்களுக்கு மொய் செய்தவர் வீட்டு விசேஷம். வாங்கிய மொய் திரும்பப் போக வேண்டும். முதல் மொய்யை வாங்கும் முன்பு ‘மொய் வேண்டாம்’ என்று பத்திரிகையில் போட்டால்தான் இதிலிருந்து விலகி நிற்க முடியும்.

சாப்பாட்டில் ஒரு நுணுக்கம். கீழக்கரைப் பக்கத்து விருந்துகளில் சஹன் என்னும் பெரிய தட்டில் நாலைந்து பேர் சேர்ந்து உண்பார்கள். அப்படிச் சாப்பிட உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் உட்காருவதற்கு முன்பே ‘எனக்குத் தனித்தட்டு போதும் காக்கா’ என்று சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் தருவார்கள். உட்கார்ந்து, சோறு பரிமாறிய பிறகு எழுந்தால் கூட உட்கார்ந்தவர்களுக்குச் சங்கடம்.

சீட்டு

இருபது பேர், மாதம் 1,000 ரூபாய், இருபது மாதம் என்று ஓர் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் 20,000 ரூபாய் சேரும். அதைத் தள்ளி, அதாவது ஏலத்தில் குறைத்துக் கேட்டு, எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகைதான் மற்றவர்களுக்குக் கசராக, அதாவது லாபப் பங்காக, பிரியும். ஒருவர் நடுவில் நின்றால் 19,000 ஆகிவிடும். குறைந்த ஆயிரத்தைச் சீட்டு நடத்துபவர் மாதாமாதம் கைப்பணம் போட்டு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கிறவருக்குக் குறையும். பாதியில் விலகுபவர் மீது வரும் கோபத்துக்குக் காரணம் இந்தக் கணக்கு.

ஆகவே முதல் தவணைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். முதல் தவணை கட்டிவிட்டீர்கள், இன்னும் சீட்டு எடுக்கவில்லை என்றால் வழி ஒன்றுதான்: உங்கள் இடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு, நடத்துபவர் சம்மதத்தோடு மாற்றிக்கொள்வது. பதிவு பெற்ற நிறுவனச் சீட்டில் இந்த மாற்றத்தை எழுத்தில், இரண்டு சாட்சிகளோடு செய்ய வேண்டும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. சீட்டு எடுத்தவருக்கு விலகல் என்பதே கிடையாது. ஐந்தாம் மாதம் எடுத்தவர் மீதிப் பதினைந்து தவணையையும் கட்டித்தான் ஆக வேண்டும்.

பதிவில்லாத சீட்டு நடத்துவதே சட்டத்துக்குப் புறம்பு. நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பணம் முடங்கினால் சீட்டுப் பதிவாளரிடம் போய் நிற்க வழியிருக்காது. ஊருக்கு வந்த முதல் வருடத்தில் இப்படிப்பட்ட சீட்டு எதிலும் சேர வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஜாமீன் கையெழுத்து, குழுக் கடன்

அரசுச் சம்பளக்காரர்களைத் தேடி வரும் அழைப்புகளில் மிகவும் கனமானது இதுதான். ‘பேருக்கு ஒரு கையெழுத்து சார், நான்தானே கட்டப்போறேன்.’ அவர் கட்டும் எண்ணத்தோடுதான் கேட்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரிடம் கேட்டு முடித்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்றில்லை. பணம் பட்டுவாடா ஆன பிறகு ‘நான் விலகிக்கிறேன்’ என்றால் வங்கி ஏற்காது.

சொல்ல வேண்டியது: ‘கையெழுத்து விசயத்துல மட்டும் நான் வரலைண்ணே. யாருக்கும் போடுறதில்லை. வேற உதவின்னா கேளுங்க.’ ‘யாருக்கும் போடுறதில்லை’ என்பதை மெய்யாகவே கடைப்பிடிக்க வேண்டும். ஒருவருக்குப் போட்டுவிட்டு அடுத்தவருக்கு இதைச் சொன்னால் அது பகையாகும். சம்பளச் சான்றிதழையோ, தொகை எழுதாத காசோலையையோ, ‘சும்மா பாக்க’ என்றாலும் கையில் கொடுக்காதீர்கள். உதவ மனம் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை நேரடியாகக் கொடுங்கள்.

பெண்களுக்கு இதே அழைப்பு குழுக் கடனாக வரும். நுண்கடன் நிறுவனம் குழுவுக்குக் கடன் தர ஆள் எண்ணிக்கை குறைகிறது, ‘ஒரு ஆதார் ஜெராக்ஸும் கையெழுத்தும் மட்டும் குடுங்க’ என்பார்கள். கடன் உங்கள் பெயரில்தான் பதிவாகும். வேறொருவர் அந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துத் தவணை தவறினால் உங்கள் சிபில் கணக்குதான், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் பதிவுதான், கெடும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். வசூலுக்கு வருபவர்கள் உங்கள் வாசலிலும் உட்காருவார்கள். ஆதார் நகலைக் கொடுக்கும் முன்பே மறுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டால், அதே நாளில் திரும்ப வாங்கி, கடன் அலுவலரிடமும் ‘என் பேர்ல கடன் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள்.

மகளிர் சுய உதவிக் குழு வேறு, நல்ல அமைப்பு. பன்னிரண்டு முதல் இருபது பேர் இருப்பார்கள். அதிலிருந்து விலக வேண்டுமானால் குழுக் கடன் பாக்கி இல்லாத நேரமாகப் பார்த்து, கூட்டத்தில் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, சேமிப்பைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். கூட்டத்துக்குப் போகாமலே நின்றுபோவது விலகல் ஆகாது. சந்தாவும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

கடல்

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குக் கூப்பிட்டால், கூப்பிட்ட இடத்திலேயே ‘எனக்குக் கடல் ஒத்துக்காது’ என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் வற்புறுத்துவதில்லை. தலைசுற்றலும் வாந்தியும் எவ்வளவு கொடுமை என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். படகில் ஏறிய பிறகு சொன்னால் உங்கள் ஒருவருக்காகப் படகைத் திருப்ப வேண்டும், அன்றைய டீசலும் வீண்.

வேலைக்காகப் படகில் சேர்ந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், மீதி நாள் நாட்டுப்படகுகளுக்கு என்ற முறை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். போகும் நாள்களே குறைவு என்பதால் ஒருநாள் கெட்டாலும் நட்டம் பெரிது. ஐஸும் டீசலும் ஏற்றி, மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிய பிறகு ஓர் ஆள் வராவிட்டால், வலை இழுக்கும் பாரம் மற்ற நாலு பேர் தோளில் விழும். ஆகவே முந்தின நாளே சம்மாட்டியிடமோ (படகு முதலாளி) படகு டிரைவரிடமோ சொல்லிவிட வேண்டும், முடிந்தால் மாற்று ஆளின் பெயரோடு. முன்பணம் வாங்கியவர்கள் ஒரு படகை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் முன்பணக் கணக்கை முடித்து, நாலு பேர் முன்னால் பேசிவிட்டுத்தான் போக வேண்டும்.

நேரம் பார்க்கத் தேவையில்லாத ஒரே மறுப்பு காற்றுக்குப் பயந்து சொல்வது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தாலும் சரி, ஏற்றாமலே காற்றின் போக்கு சரியில்லை என்று பட்டாலும் சரி, படகு அவிழ்க்கும் நிமிடத்தில்கூட ‘இன்னைக்கு நான் வரலை’ என்று சொல்லலாம். அதற்காக யாரும் யாரையும் ஏச வேண்டியதில்லை.

சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்து ஒரு மீன்பிடித் துறைமுகமே கடலுக்குப் போகாமல் நிற்பது தனி ஆள் விலகல் அல்ல, கூட்டு முடிவு. வெளியூர்க்காரர் அதில் ஒரு பக்கம் சேர்ந்து பேசாமல் இருப்பதே நல்லது.

எழுதிக் கொடுக்க வேண்டியவை

நேரில் கூப்பிட்டவரிடம் வாயால் சொன்னால் போதும். வங்கிக்கு அது போதாது. நீங்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் அங்கே இருக்கின்றன.

பிரதமர் பயிர்க் காப்பீடு 2020 காரிஃப் பருவத்திலிருந்து எல்லா விவசாயிக்கும் விருப்பத்தின்படிதான். ஆனாலும் பயிர்க்கடன் வாங்கியவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் பிரீமியம் கழித்துவிடுவார்கள். அந்தப் பருவத்தின் பதிவுக் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே கடன் வாங்கிய வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடிதம் கொடுக்க வேண்டும். கடிதத்தில் பெயர், கடன் கணக்கு எண், வருவாய்க் கிராமம், சர்வே எண், பயிர், பருவம், ‘இந்தப் பருவத்துக்குக் காப்பீடு வேண்டாம்’ என்ற வரி, தேதி, கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழி சொன்னோமே தவிர, இந்த விலகலை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. வானம் பார்த்த பூமி இது. ராபி பருவத்தில் நெல் போன்ற உணவுப் பயிர்களுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதத்துக்கு மேல் போகாது, மிளகாய் போன்ற தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை. மழை பொய்த்த வருடத்தில் இந்தப் பணம்தான் அடுத்த விதைப்புக்குக் கை கொடுக்கும்.

பிரதமர் பெயரிலான ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் வருடத்துக்கு ஒருமுறை, மே மாதக் கடைசியில் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போகும். எப்போதோ போட்ட கையெழுத்தின் பேரில் இரண்டு வங்கிகளில் இரண்டு முறை போய்க்கொண்டிருப்பதும் உண்டு. ஒருவருக்கு ஒரு கணக்கில்தான் இந்தக் காப்பீடு செல்லும்; இரண்டாவது வீண். மே 20க்குள் அந்தக் கிளைக்குப் போய்த் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எழுதாமலே விலக ஓர் இடம் உண்டு. வாக்குச்சாவடியில் யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் இயந்திரத்தில் கடைசிப் பொத்தான் நோட்டா. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2013இலிருந்து இருக்கிறது. வாக்கு ரகசியமாகவே இருக்கும். நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே வெற்றி பெறுவார் என்பதைத் தெரிந்துகொண்டு அழுத்துங்கள்.

திரும்பச் சேர்வது

ஒரு வருடம் விலகி நின்றுவிட்டு அடுத்த சீட்டிலோ குழுவிலோ சேர நினைத்தால் அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். முந்தின சீட்டு முடியும் மாதத்தில், நடத்துபவரிடம் நீங்களே போய் ‘அடுத்தது எப்ப ஆரம்பிக்கிறீங்க அக்கா, என் பேரைப் போட்டுக்கங்க’ என்று கேளுங்கள். முதல் தவணையைச் சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னதாகவே கொண்டுபோய்க் கொடுத்து, சீட்டு நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.